கண்ணாடித் தொட்டியும் மனச்சாட்சியும்



"சாமி, மீன் செத்தால் பாவமா?" என்று நமது பங்கைச் சேர்ந்த ஒரு தாயார் என்னிடம் கேட்டார். நான் சிரித்துவிட்டேன். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அவர்களுடைய மகனும் சிரிக்கவில்லை. ஆதலால் அந்தக் கேள்விக்கு இவ்வாரம் ஒழுங்காகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

நடந்தது இதுதான். கல்லூரியில் படிக்கும் அந்தப் பையன் வீட்டு முன்னறையில் கடல்நீர்த் தொட்டி ஒன்று வைத்து, அதில் ஆந்தியாஸ் என்னும் மீன்கள் ஏழினை வளர்த்து வந்தான். விரல் நீளமும் செம்மஞ்சள் நிறமும் கொண்டு, பவளப்பாறை ஓரங்களில் கூட்டங் கூட்டமாய் வாழும் மீன்கள் அவை. குடும்பத்தார் வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை சென்றபோது, தினம் ஒரு தரம் ஒரு சிட்டிகை தீனி போடும்படி அடுத்த வீட்டுச் சிறுவனிடம் சொல்லிச் சென்றார்கள். ஒன்பதாம் நாள் திரும்பி வந்து பார்க்கையில் மூன்று மீன்களே மிஞ்சியிருந்தன. அவையும் தலைக்குப் பின்னே சதை வற்றிக் கிடந்தன.

இந்த மீனின் வயிற்றைப் பற்றி அறிந்தால்தான் விஷயம் விளங்கும். கடலில் இது இரை தேடி அலைவதில்லை. நீரோட்டம் கொண்டுவரும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாததுமான நுண்ணுயிர்களைப் பகல் முழுவதும் ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டேயிருக்கும். பெரிய உணவை ஒரே வேளையில் உண்டு அடக்கி வைத்துக்கொள்ளும் மீன் அல்ல. ஆகவே தொட்டியில் வளர்ப்பவர் பொடி இறாலும் ஆர்ட்டீமியாவும் போன்றவற்றைச் சிறிது சிறிதாக நாளைக்கு மூன்று நான்கு தரமாவது கொடுக்க வேண்டும். உலர்ந்த உருண்டைத் தீனியைப் பல மீன்கள் முதலில் தொடவே மாட்டா. அதோடு நம் மதுரை வெயிலையும் நினைத்துப் பாருங்கள். சித்திரை வைகாசியில் நூறு டிகிரியைத் தாண்டும் ஊரில் தண்ணீரை இருபத்தாறு, இருபத்தேழு சென்டிகிரேடு அளவில் காப்பதற்கு யந்திரம் வேண்டும். மின்சாரம் நின்றால் மனம் பதைக்கும்.

வீட்டுத் தகப்பனார் குறுக்கிட்டார்: "ஞாயிறு தவறாமல் சங்கரா மீன் குழம்பு சாப்பிடுகிறோம். அது பாவமில்லை, இது மட்டும் பாவமா?" நல்ல கேள்வி. இதற்கு விடை சொல்லாமல் போவது நியாயமல்ல.

மனிதன் உணவுக்காகச் சீவராசிகளைக் கொள்வது அநீதியல்ல என்பது அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் போதித்தது. ஆனால் அவரே, பழைய ஏற்பாட்டுச் சட்டம் மிருகங்களிடம் இரக்கம் காட்டச் சொன்னதன் காரணத்தை விளக்கும்போது, மிருகத்தின்மேல் இரங்கப் பழகியவன் மனிதன்மேலும் இரங்குவான் என்ற கருத்தைச் சொல்கிறார். பெரிய வேதசாஸ்திரியோடு வாதாட நான் யார்? என்றாலும் இந்தக் காரணம் முழுவதும் நம்மைப் பற்றியதாகவே இருக்கிறதென்று எனக்குத் தோன்றுவதுண்டு. மீனின் பசி மீனுடையதல்லவா? 1992-ல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல், 2416 முதல் 2418 வரையுள்ள எண்களில், மிருகங்கள் சர்வேசுரனுடைய சிருஷ்டிகள், அவரது பராமரிப்பில் இருப்பவை என்றும், வீணாக அவற்றை வதைப்பது மனித மாண்புக்கு அடாது என்றும் போதிக்கிறது. அதே இடத்தில், ஏழைகளின் துன்பம் தீர்க்க முதலில் செல்ல வேண்டிய பணத்தை மிருகங்களுக்குச் செலவிடுவதும் தகாது என்கிறது. தொட்டி வைத்திருப்போர் இந்த இரண்டாவது பகுதியையும் தாண்டிப் போய்விடக் கூடாது.

குழம்பு மீனுக்கும் தொட்டி மீனுக்கும் உள்ள வேறுபாடு மீனில் இல்லை, நம்மில் இருக்கிறது. வலை வீசுகிறவன் மீனுக்கு எந்த வாக்கும் கொடுப்பதில்லை. தொட்டியில் விடுகிறவனோ அதற்கு உணவு கொண்டுவந்த நீரோட்டத்தைத் துண்டித்துவிட்டு, அந்த நீரோட்டத்தின் வேலையைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். அது பேசாத ஒப்பந்தம். அதை மீறினால் புகார் செய்ய மீனுக்கு நாவில்லை.

ஆகவே யார் குற்றவாளி? சிறுவன் அல்லன், சொன்னதைச் செய்தான். தாயாருக்கு விஷயமே தெரியாது; அறியாத இடத்தில் பாவமில்லை. பையனுக்குத் தெரியும். படித்திருந்தும், ஒருவாறு சமாளிக்கும் என்று விட்டுவிட்டான். மாதாவிடம் போகிற அவசரம் அதற்குச் சாக்கு ஆகாது. அற்பப் பாவம்தான், ஆனாலும் பாவமே என்று அவனிடம் நேரே சொன்னேன்.

எனக்கு இதைவிட உறுத்துவது வாங்கிய நேரம். வளர்க்க முடியுமா என்று பாராமல் வாங்குகிறோம். அந்த மீனை யார், எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்பதுமில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1960-களிலேயே சயனைடு விஷம் தெளித்து அலங்கார மீன்களை மயக்கிப் பிடிக்கத் தொடங்கினார்கள். அதில் பாறையும் சாகும். நமக்கு அருகே, தூத்துக்குடி முதல் மண்டபம் வரை உள்ள 21 தீவுகள் 1986-ல் மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவாயின. 2001 முதல் பாறை அமைக்கும் பவளத்தை எடுப்பதும் விற்பதும் சட்டப்படி குற்றம். காலஞ்சென்ற பாப்பரசர் பிரான்சிஸ் 2015-ல் எழுதிய நிருபத்தில் பவளப்பாறைகளின் அழிவைத் தனியே குறிப்பிட்டு வருந்தினார். கூட்டில் தாய்ப்பறவையையும் குஞ்சுகளையும் சேர்த்து எடுக்காதே, தாயை விட்டுவிடு என்ற கட்டளை உபாகமம் 22-ம் அதிகாரத்தில் இருப்பதை வாசித்துப் பாருங்கள். எடுப்பதற்கு அனுமதி உண்டு; அள்ளிக்கொண்டு போக அனுமதி இல்லை. விழிஞ்ஞத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் ஆந்தியாஸ் வகை ஒன்றைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்வித்திருக்கிறார்கள். வாங்குவோர் அப்படிப் பிறந்த மீனைக் கேட்டு வாங்கலாம்.

இறந்த நான்கிற்கு ஈடாகப் புதியன வாங்கலாமா என்று பையன் கேட்டான். வேளை தவறாமல் தீனி கொடுக்க ஆள் ஏற்பாடு செய்யும் வரை வேண்டாம் என்றேன். ஒப்புக்கொண்டான்.

செத்தவற்றில் ஆண்மீனும் ஒன்று. இக்கூட்டத்தில் ஆண் இல்லாமற் போனால் பெண்மீன் ஒன்று ஆணாக மாறும் என்பதை 1970-ல் பிஷெல்சன் என்னும் விஞ்ஞானி எழுதினார். மிஞ்சிய மூன்றில் பெரியதற்கு இப்போது நிறம் மாறுகிறதாம். முதுகுத் துடுப்பின் மூன்றாம் முள்ளும் நீண்டு வருகிறதாம். வந்து பாருங்கள் சாமி என்று பையன் அழைத்திருக்கிறான். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் போகிறேன்.