பகைவனின் அடையாளம்

மார்பகப் புற்றுநோய் கண்டவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு, நோயணுக்களின் மேல் ‘ஹெர்-2’ என்ற புரதம் அளவுக்கு மீறி மண்டிக் கிடக்கிறது. அதையே குறியாகக் கொண்டு தாக்கும் டிராஸ்டுஸுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் 1998-ல் அனுமதி கிடைத்தது. பலருக்கு ஆயுள் நீண்டது.

ஆனால் அதே புரதம் இதயத் தசையிலும் சிறிதளவு இருக்கிறது. அங்கே அது நல்ல பணி செய்கிறது. அதனால் சிலருக்கு இம்மருந்து இதயத்தைத் தளர்த்திவிடுகிறது. மருத்துவர் என்ன செய்கிறார்? மருந்தை வெறுத்து ஒதுக்குவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு செலுத்துவதுமில்லை. அவ்வப்போது இதயத்தைச் சோதிக்கிறார், தளர்ந்தால் நிறுத்துகிறார். பெரும்பாலும் இதயம் தேறிவிடுகிறது.

தீமையை எதிர்க்கப் புறப்படும் நாமும் ஏதோ ஓர் அடையாளத்தைக் கொண்டுதான் பகைவனை அறிகிறோம். அந்த அடையாளம் நம்மிடத்திலும் இருக்கக்கூடும். போராடத்தான் வேண்டும், ஆனால் இடையிடையே நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டாமா?