அழுக்கால் அழுக்கைக் கழுவலாமா?

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிறது. மரம் மாறியும் வண்டியை மாற்றாதவர்கள் உண்டு. 1964-இல் வெளிவந்த மாஸி ஃபெர்குசன் 135 ரக டிராக்டரின் மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சின் எளிதில் சாகாது. முதலில் வயதைக் காட்டுவது எஞ்சினுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் டீசல் டாங்கிதான்.

அந்த நோய் வேடிக்கையானது. காலையில் சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பும், வெறும் டிரெய்லரை இழுத்துக்கொண்டு நன்றாகவே ஓடும். செம்பனைக் குலை ஏற்றி மேட்டில் ஏறும்போது மட்டும் திணறி நின்றுவிடும். ஓட்டுநர் இறங்கிக் கொஞ்ச நேரம் திட்டிவிட்டு மறுபடி முயன்றால், ஒன்றுமே நடக்காதது போல் ஓடும். டீசல் இறங்கும் வாயில் வந்து அடைத்த கசடு, இழுப்பு நின்றதும் விலகி அடியில் படிந்துவிடுவதுதான் காரணம். ஃபில்டரை மாற்றினால் சில நாள் தாங்கும். பிறகு டாங்கியை இறக்கியே ஆக வேண்டும்.

இறக்கிக் கவிழ்த்தால் வெளிவருவதில் பாதி வெளியிலிருந்து போனது: மண், இலைத்துகள், மூடியிலிருந்து உதிர்ந்த ரப்பர். மற்றது உள்ளேயே உண்டானது. பேராக்கின் ஈரக்காற்று பாதி காலியான டாங்கிக்குள் இரவில் குளிர்ந்து நீராகிறது. டீசலைவிடக் கனமான அந்த நீர் அடியில் தங்கி இரும்பைத் துருவாக்குகிறது. நீரும் டீசலும் சேரும் எல்லையில் ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சை வளர்ந்து, டீசலையே தின்று, வழவழப்பான பாசி போல் திரளும்.

கழுவும் முறையோ இன்னும் விசித்திரம். உள்ளே ஏதோ கிடப்பதுதான் தொல்லை என்று டாங்கியை இறக்கியவர், இரண்டு லிட்டர் டீசலோடு ஒரு பிடி பழைய நட்டுகளையோ ஒரு முழம் சங்கிலியையோ அதற்குள் போடுகிறார். வாயை அடைத்துவிட்டு உருட்டுகிறார், குலுக்குகிறார். வெளிவரும் டீசல் தேநீர் நிறத்தில் இருக்கும். அதை வடிகட்டி மறுபடி அதே டாங்கிக்குள் ஊற்றுவதும் உண்டு. (ஓட்டையைப் பற்றவைக்கும் ஆசையில் நன்றாகக் கழுவாத டாங்கிக்கு நெருப்புக் காட்டுவது மட்டும் ஆகாது. உள்ளே தங்கிய ஆவி வெடிக்கும்.)

அழுக்கை நீக்க அழுக்கையே உள்ளே விடலாமா? இந்தக் கேள்வியைச் சைவ சித்தாந்தம் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நேராக எதிர்கொண்டது. உயிரை ஆணவம் என்ற மலம், அதாவது அழுக்கு, பற்றியிருக்கிறது, அதைப் போக்க இறைவன் உடலையும் மனத்தையும் உலகத்தையும் மாயையிலிருந்து தருகிறான் என்பது அதன் கொள்கை. ஆனால் மாயையும் ஒரு மலம்தானே என்று கேட்பவர் கேட்கத்தான் செய்வார். சிவஞான போதம் எழுதிய மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியாரில் சலவைத் தொழிலாளியைச் சாட்சிக்கு அழைக்கிறார். அவர் சாணியையும் உவர்மண்ணையும் துணியில் ஏற்றித்தான் துணியின் பழைய அழுக்கைப் போக்குகிறார். ஏற்றியது கடைசியில் அழுக்கோடு சேர்ந்து போய்விடும். நட்டு போட்டு உருட்டுகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. ஒன்றை மட்டும் அவர் சேர்த்துச் சொல்வார்: போட்ட நட்டுகளை எண்ணி எடுக்க வேண்டும். ஒன்று உள்ளே தங்கினாலும் அது அடுத்த அடைப்பு.

மற்றொரு புகழ்பெற்ற உவமை இவ்வளவு உறுதியானதல்ல. ஆணவம் செம்பில் களிம்பு போல உயிரோடு தொடக்கமின்றியே இருக்கிறது என்பார்கள். களிம்புக்கும் துருவுக்கும் காற்றும் நீரும் வேண்டும். பட்டறையில் புதிதாக அடித்த டாங்கியில் துரு இல்லை. அப்படியானால் ஆணவத்துக்கும் ஒரு தொடக்க நாள் இருந்தாக வேண்டும், சித்தாந்தம் அதை ஒப்பாது. நெல்லும் உமியும் என்ற இன்னொரு உவமைதான் இங்கே கைகொடுக்கிறது. உமி நெல்லில் பின்னால் வந்து ஒட்டியதல்ல, கூடவே பிறந்தது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உமியின் பக்கம் நிற்பதே நியாயம். களிம்பு கண்ணுக்குப் பளிச்சென்று தெரிவதால் மேடைப் பேச்சுக்கு உதவுகிறது, அவ்வளவுதான்.

கழுவத் தொடங்கியதும் நிலைமை மோசமாவதையும் டிராக்டர்காரர்கள் அறிவார்கள். மலேசியா 2011-இல் டீசலில் ஐந்து விழுக்காடு செம்பனை எண்ணெய் எரிபொருளைக் கலக்கத் தொடங்கியது, 2019-இல் வாகனங்களுக்கு அது பத்தானது. டாங்கிச் சுவரில் ஆண்டுக்கணக்கில் பேசாமல் ஒட்டிக்கிடந்த பிசினை அந்தக் கலப்பு கரைத்துவிடும். கரைந்தது நேரே போய் ஃபில்டரை அடைக்கும். தியானத்துக்கு உட்கார்ந்த புதிதில் இல்லாத கோபமெல்லாம் வருகிறதே என்று முறையிடுகிறவர்கள் இதைக் கேட்டால் சற்று ஆறுதல் அடையலாம்.

கழுவி முடித்தாலும் விட்டுவிட முடியாது. மாலையில் டாங்கியை நிரப்பிவைக்க வேண்டும், ஃபில்டர் கிண்ணத்தில் இறங்கும் நீரை அவ்வப்போது திறந்துவிட வேண்டும். சிவஞான போதத்தின் பன்னிரண்டாம் நூற்பா இந்த இடத்தில்தான் நிற்கிறது. திருவடியை அடைவதைப் பதினொன்றாம் நூற்பாவிலேயே சொல்லிவிட்ட மெய்கண்டார், அதன் பிறகும் மலத்தைக் கழுவு, அடியாரோடு கூடு, திருவேடத்தையும் ஆலயத்தையும் சிவனாகவே கண்டு தொழு என்கிறார். ஆணவம் அழிவதில்லை, அதன் வலிமைதான் அடங்குகிறது. பழைய வாசனை திரும்பிவரக் காத்திருக்கும்.

பேராக் தமிழருக்கு இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. நூற்பா கேட்கும் ஆலயமும் அடியாரும் முன்பு தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குப் பக்கத்திலேயே இருந்தார்கள். சுதந்திரத்துக்குப் பின் தோட்டங்கள் துண்டுபோட்டு விற்கப்பட்டபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். அப்படியும் குடும்பங்கள் பலவும் ஈப்போவின் தாமான்களுக்குப் போய்விட்டன. தைப்பூசத்துக்குக் கல்லுமலை முருகன் கோயில், தோட்டத்து மாரியம்மனுக்கு ஆண்டுத் திருவிழாவில் ஒரு நாள் என்று அவர்களின் வழிபாடு பிரிந்துகிடக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை கூடினால் போதுமா என்பதற்கு மெய்கண்டார் கணக்கு எதுவும் தரவில்லை.