கதிர்காமத்துத் திரை

முருகா! மலையிறங்கி, காடு கடந்து உன்னைப் பார்க்க ஓடி வருகிறவர்களுக்கு நீ காட்டுவது ஒரு துணி. அந்தத் துணியே போதும் என்று மனசு நிறைந்துபோகிறதே, இது என்ன மாயமப்பா!

கதிர்காமம் எங்கள் ஊவா மாகாணத்தில்தான் இருக்கிறது. பதுளையில் ஏறினால் எல்ல, வெல்லவாய, புத்தல என்று இறங்க இறங்கத் தேயிலைக் குளிர் விட்டுப்போகும். காட்டு வெக்கை முகத்தில் அடிக்கும்போது அவன் ஊர் கிட்ட வந்துவிட்டது என்று தெரியும். தோட்டத்துச் சனத்துக்கு அவன் வெளியூர்ச் சாமி இல்லை. லயத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் காசு முடிவது அவனுக்குத்தான். சம்பளம் கூடினால் கற்பூரம் கொளுத்துவதும் அவனுக்குத்தான். (சம்பளம் கூடுவதுதான் அபூர்வம்.)

மாணிக்க கங்கையில் முழுகி, பழத்தட்டோடு மகா தேவாலயத்துக்குள் நுழைந்தேன். ஓங்கிய கோபுரம் கிடையாது, அலங்காரம் செய்த விக்கிரகம் கிடையாது. எதிரே தொங்குகிறது திரை. அதில் வள்ளி தெய்வானையோடு மயில்மேல் அவன்! வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்ட கப்புறாளை என்னும் பூசகர் தட்டை வாங்கி, திரையோரத்தைத் தூக்கி உள்ளே போனார். மந்திரச் சத்தம் எதுவும் வெளியே வரவில்லை. உள்ளே இருப்பது யந்திரம் என்பார்கள். ஆடித் திருவிழாவில் யானைமேல் ஏறி வள்ளியம்மன் கோயிலுக்குப் போகும்போதும் அது பேழைக்குள் மூடியபடியேதான் போகும்.

கப்புறாளை நுழைந்த அசைவில் திரை மெல்ல உப்பித் தணிந்தது. ஐயோ, மயில் மூச்சு வாங்கியது! சாம்பிராணிப் புகையில் அதன் கழுத்து நீலம் கறுத்து, மறுபடி நீலமானது. தோகையின் ஒவ்வொரு கண்ணும் என்னையே பார்த்தது. என்ன கேட்க வந்தேன் என்பதே மறந்துபோய்விட்டது. பக்கத்தில் கைக்குழந்தையோடு நின்ற சிங்களத் தாய் "தெய்யனே" என்றாள், பின்னால் யாரோ "அரோகரா" என்றார், அழுதது நான்.

அந்தத் திரை எனக்கு இன்னொரு துணியை நினைவூட்டியது. பெரு நாட்டில், பராக்காஸ் பாலைக்கரையில், 1927இல் தொடங்கி ஜூலியோ டெல்லோ என்ற ஆய்வாளர் 400க்கும் மேற்பட்ட சவப்பொதிகளைத் தோண்டியெடுத்தார். ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு பழையவை. அவற்றுள் சிலவற்றைச் சுற்றியிருந்த போர்வைகளில் வரிவரியாகப் பறவைகள், வண்ணக் கம்பளி நூலில் ஊசி ஊசியாய்த் தைத்தவை. மண்ணுக்குள் போய், இனி யார் கண்ணிலும் படாத துணிக்கு அத்தனை உழைப்பு! போற்றுகிற ஒன்றைப் பறவை எழுதிய துணியால் மூடிவைக்க அந்தக் கடற்கரை நாட்டாருக்கும் தோன்றியிருக்கிறது. அந்தப் போர்வையைப் படத்தில் பார்த்தபோதும் என் கை தானாகக் குவிந்தது.

திரையை ஒருதரம் விலக்கிக் காட்டினால் என்ன என்று கேட்கிறவர்கள் உண்டு. எனக்கும் அந்த ஆசை இருந்தது. அன்றோடு அது செத்தது. காட்டியதற்கு மேல் என்ன வேண்டும்?

பசறை, லுணுகலை, அப்புத்தளைப் பக்கத்திலிருந்து போகிறவர்களே, ஆடித் திருவிழா நெரிசலில் திரையருகே நின்று பார்ப்பது பெரும்பாடு. முடிந்தால் வேறொரு நாளில் போங்கள். தட்டைக் கொடுத்து வாங்கும் அவசரத்தில் மயிலைப் பார்க்காமல் வந்துவிடாதீர்கள். புத்தல வீதியில் யானை நிற்கும், பொழுதோடு திரும்பிவிடுங்கள்.