முதலில் தெரிந்தவள்

மலேசியாவில் கர்ப்பிணியின் முதல் ரத்தப் பரிசோதனையிலேயே சிபிலிஸும் பார்க்கிறார்கள். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் தொற்றுவதை ஒழித்துவிட்டதாக 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றளித்தது. பென்சிலின் ஊசியைப் பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே போட்டால் பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடும். விட்டால் கருவிலேயே இறக்கலாம். பிறந்தாலும் எலும்பு, கண், காது பாதிக்கப்படலாம்.

மருத்துவத்தில் குழப்பமில்லை. என்னை உறுத்துவது வேறு. சோதனைக்குப் போவது அவள்; அதனால் நோயும் முதலில் அவள் பெயரில்தான் பதிவாகிறது. "எங்கேருந்து கொண்டாந்தே?" என்ற கேள்வியும் அவளுக்குத்தான். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்பதை அந்த ரத்தம் சொல்லாது. கணவனுக்கும் சிகிச்சை தராவிட்டால் நோய் அவளிடமே திரும்பலாம். மறைத்தால் பிள்ளைக்கு ஆபத்து, சொன்னால் அவளுக்கு. பிள்ளைக்காகச் சொல்லத்தான் வேண்டும் என்பேன். ஆனால் அவளைத் தனியாகச் சொல்லவிடுவது அநியாயம். முதல் நாளே கணவனையும் ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டால் என்ன கெட்டுவிடும்? பேர் வைக்க மட்டும் முன்னால வந்து நிக்கிறாங்களே!