வேண்டுபவர் யார்?

சித்தூரிலும் திருப்பதியிலும் தமிழும் தெலுங்கும் ஒரே வீதியில் வழங்குகின்றன. இவ்விரு மொழிகளும் கடமையையும் அனுமதியையும் கூறும் முறையை அன்பர்கள் ஊன்றிக் கவனித்தல் நலம். வெறும் இலக்கணப் பாடமென்று இதனை ஒதுக்கற்க.

தமிழில் ‘வேண்டு’ என்பது விரும்புதல். ‘எனக்குச் சோறு வேண்டும்’ என்றால் விரும்புகிறவன் நான். ‘நான் போக வேண்டும்’ என்றாலோ கடமை வந்துவிடுகிறது; விரும்புகிறவன் எவன் என்பது மறைந்துபோகிறது. தெலுங்கில் ‘போவாலி’ என்பதும் அத்தகையதே. விருப்பத்தைக் குறிக்கும் ‘வலயு’ என்னும் பழைய வினையின் வழிவந்தது அது. கல்கத்தாவின் டாங்ராப் பகுதியில் குடியேறித் தோல் பதனிட்டு வாழ்ந்த ஹக்காச் சீனர் மொழியிலும் ‘ஓய்’ என்னும் ஒரே சொல் விருப்பத்துக்கும் கடமைக்கும் பொதுவாய் நிற்கிறது. நம் மொழிகளோடு யாதொரு உறவுமில்லாத மொழி அது! ஆதலின், கடமை என்று நாம் வணங்குவனவற்றுள் பல, யாரோ ஒருவருடைய விருப்பமாகவே பிறந்தன என்று கருத இடமுண்டு.

யான் ஆலையில் உழைத்த நாளில், ‘ஞாயிறும் வர வேண்டும்’ என்பார் மேஸ்திரி. வேண்டியவர் அவரல்லர், நாங்களுமல்லோம். வேண்டியவரை நாங்கள் கண்டதேயில்லை.

‘கூடாது’ என்பது இதனினும் சூழ்ச்சியுடையது. தெலுங்கில் ‘கூடது’ என்பர். பொருந்தாது என்பதே அதன் வேர்ப்பொருள். ‘கோயிலுக்குள் வரக் கூடாது’ என்னும் வாக்கியத்தில் தடுப்பவன் எங்கே? அவனைக் காணோம். வேம்பு இனிக்காது என்பதுபோல் உலக இயல்பாகவே அது ஒலிக்கிறது. எத்தனை தலைமுறைகள் அவ்வொலியை நம்பி வாசலிலேயே நின்றன!

1947இல் சென்னை மாகாணம் ஆலயப் பிரவேச அனுமதிச் சட்டம் இயற்றிற்று. சித்தூரும் திருப்பதியும் அன்று அம்மாகாணத்தில் இருந்தன. அச்சட்டம் ‘வரலாம்’ என்றது. நன்றே, எனினும் ‘வரலாம்’ என்று ஒருவர் சொல்லும்போது கதவு அவர் கையில் இருக்கிறது. 1950 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவோ தீண்டாமையை ஒழித்து, அதனைக் கைக்கொள்வதையே தடுத்தது. வெளியே நிற்பவனை நோக்கி ‘வரலாம்’ என்னாது, தடுப்பவனை நோக்கித் ‘தடுக்கக் கூடாது’ என்றது. மறைந்திருந்தவன் அப்போதுதான் வாக்கியத்துக்குள் இழுத்து நிறுத்தப்பட்டான்.

பஞ்சசீலத்தில் இவ்வில்லங்கம் இல்லை. பாலியில் ‘சமாதியாமி’ என்பது தன்மை வினை: ‘மேற்கொள்கிறேன்’ என்று பொருள். ஏவுபவர் இல்லை, அனுமதிப்பவரும் இல்லை. ‘கொல்லாமையை மேற்கொள்கிறேன்’ என்பதே மூலத்துக்கு நெருங்கிய தமிழ். சிறுவர்க்குக் கற்பிக்கும்போது அவசரத்தில் ‘கொல்லக் கூடாது’ என்று சொல்லிவிடுகிறோம். அவர்களும் உடனே, ‘யார் சொன்னது?’ என்று கேட்கின்றனர்.