அருகில் இருக்கும் தோழரின் ஹக்கு



புகழனைத்தும் அல்லாஹு தஆலாவுக்கே உரியது. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு தம்பி இரண்டு வாரங்களுக்கு முன் எனக்குப் போன் செய்தார். சிறு வயதில் நம் மக்தபில் ஓதியவர். இப்போது ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரில் உயிரியல் ஆராய்ச்சி செய்கிறார். நான்கு பேர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள். மற்ற மூவரும் கிறிஸ்தவக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன்.

"ஹஜ்ரத், கிறிஸ்துமஸுக்கு வீட்டை அலங்கரிக்கப் போகிறோம், நீயும் வா என்று கூப்பிடுகிறார்கள். போகலாமா, கூடாதா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, "இன்னொன்றும் இருக்கிறது ஹஜ்ரத்" என்றார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அழைத்தபோது, "லேபில் வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். உண்மையில் அன்றைய வேலையை முந்தின நாளே முடித்துவிட்டார். இரவு ஒன்பது மணி வரை யாருமில்லாத ஆய்வுக்கூடத்தில் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். "லேபில் எப்போதும் வேலை இருக்கத்தானே செய்யும்? அது பொய்யா ஹஜ்ரத்?"

சகோதரர்களே! முதல் கேள்வியை விட இந்த இரண்டாவது கேள்விதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஏனென்றால் இது ஜெர்மனியில் இருக்கும் ஒருவருடைய கேள்வி மட்டுமல்ல. "கடையில் ஆள் இல்லை", "ஆபீஸில் மீட்டிங்" என்று நாமும் எத்தனை முறை வேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோம்!

வேலை ஓர் அமானத்

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தத் தம்பியின் வேலை சாதாரணமானதல்ல. அவர் வளர்க்கும் செல்களை 37 டிகிரி வெப்பத்தில் வைத்திருக்க வேண்டும். இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை அவற்றின் உணவுத் திரவத்தை மாற்ற வேண்டும். தவறினால் பல வார உழைப்பு வீண். செல்களுக்கு ஞாயிறும் தெரியாது, பெருநாளும் தெரியாது. சம்பளம் வாங்கிக்கொண்டு செய்யும் அந்த வேலை அமானத். அதற்காக ஒரு விருந்தைத் தவிர்ப்பதில் தவறே இல்லை.

ஆனால் அமானத்தை நிறைவேற்றுவது வேறு, அமானத்தைத் திரையாகப் பிடித்துக்கொள்வது வேறு.

ஸல்மான் ஃபார்ஸி (ரழி), அபுத்தர்தா (ரழி) இருவருக்கும் இடையே நபி (ஸல்) அவர்கள் சகோதரத்துவ உறவை ஏற்படுத்தியிருந்தார்கள். ஸல்மான் (ரழி) ஒருநாள் தம் சகோதரரின் வீட்டுக்குப் போனபோது, அபுத்தர்தாவின் மனைவி கவனிப்பாரற்றவரைப் போல எளிய உடையில் இருப்பதைக் கண்டார்கள். அபுத்தர்தாவோ பகலில் நஃபில் நோன்பு, இரவில் தொழுகை. "நீங்கள் சாப்பிடாமல் நான் சாப்பிட மாட்டேன்" என்று சொல்லி அவரைச் சாப்பிட வைத்தார்கள் ஸல்மான் (ரழி). இரவில் அவர் எழுந்தபோதெல்லாம் தூங்கச் சொன்னார்கள். இரவின் கடைசிப் பகுதியில் இருவரும் சேர்ந்து எழுந்து தொழுதார்கள். இறைவனுக்கும், உங்கள் உடலுக்கும், உங்கள் குடும்பத்துக்கும் உங்கள் மீது உரிமை இருக்கிறது, உரியவருக்கு உரியதைக் கொடுங்கள் என்று விளக்கினார்கள். நபி (ஸல்) அவர்களிடம் இந்தச் செய்தி போனபோது, ஸல்மான் சொன்னது உண்மை என்றார்கள். புகாரி ஷரீஃபில் வரும் நிகழ்ச்சி இது.

நஃபிலான இபாதத்தே பிறருடைய ஹக்கை விழுங்கும்போது திருத்தப்பட்டது என்றால், மைக்ரோஸ்கோப்புக்கும் கல்லாப்பெட்டிக்கும் என்ன விலக்கு இருக்கிறது?

ஒரே கூரையின் கீழ்

சூரா அந்நிஸாவின் 36வது வசனத்தில் யார் யாருக்கெல்லாம் நன்மை செய்ய வேண்டும் என்று அல்லாஹ் பட்டியல் தருகிறான். பெற்றோர், உறவினர், அநாதைகள், ஏழைகள், அண்டை வீட்டார் என்று வரும் வரிசையில் 'ஸாஹிப் பில்ஜன்ப்', அதாவது பக்கத்தில் இருக்கும் தோழர் என்றொருவரும் வருகிறார். பயணத்தில் உடன் வருபவர், உடன் படிப்பவர், உடன் தொழில் செய்பவர் என்றெல்லாம் முஃபஸ்ஸிர்கள் இதற்கு விளக்கம் தருகிறார்கள். ஒரே சமையலறையில் கஞ்சி காய்ச்சிக் குடிப்பவர் இதில் சேராமல் இருப்பாரா?

சென்ற ரமளானில் அந்த வீட்டில் நடந்ததையும் தம்பி சொன்னார். ஒருவர் இவருக்காக ஒருநாள் நோன்பிருந்து பார்த்திருக்கிறார். இன்னொருவர் மஞ்சள் காகிதத்தில் பிறை வெட்டிச் சமையலறை ஜன்னலில் ஒட்டியிருக்கிறார். பெருநாள் காலையில் மூவரும் காத்திருந்து வாழ்த்துச் சொன்னார்களாம். அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் இவர் ஒளிந்துகொண்டார்.

எல்லை எது?

அப்படியானால் மரத்தில் நட்சத்திரம் தொங்கவிடலாமா? நான் அவருக்குச் சொன்ன பதில் இது. அவர்களுடைய வணக்கமும் மார்க்க அடையாளமும் அவர்களுக்குரியவை. அதில் நாம் பங்காளியாக முடியாது. அவர்களும் நம் தொழுகையில் பங்காளிகள் அல்ல. ஆனால் வீட்டைக் கூட்டுவது, கடையிலிருந்து சாமான் தூக்கி வருவது, ஹலாலான உணவைச் சமைத்து உடன் உட்கார்ந்து சாப்பிடுவது, இவை வீட்டு வேலையும் அண்டை உரிமையும். வாழ்த்துச் சொல்வது போன்ற விஷயங்களில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. நம்மோடு மார்க்கத்திற்காகப் போரிடாத மக்களுக்கு நன்மை செய்வதையும் நீதியாக நடப்பதையும் அல்லாஹ் தடுக்கவில்லை என்று சூரா அல்மும்தஹினாவின் 8வது வசனம் தெளிவாகச் சொல்கிறது. அப்துல்லாஹ் பின் அம்ர் (ரழி) அவர்கள் வீட்டில் ஆடு அறுத்தபோது, பக்கத்து யூத வீட்டுக்குக் கொடுத்தீர்களா என்றுதான் கேட்டார்கள்.

பாதி உண்மை

இனி அந்த இரண்டாவது கேள்வி. கேட்பவர் ஒன்றை விளங்க, சொல்பவர் வேறொன்றை நினைத்துச் சொல்வதற்கு 'தவ்ரியா' என்று பெயர். ஹிஜ்ரத் பயணத்தில், உடன் வருபவர் யார் என்று கேட்டவரிடம் அபூபக்கர் (ரழி) அவர்கள், இவர் எனக்கு வழிகாட்டுபவர் என்றார்கள். கேட்டவர் பாதை காட்டுபவர் என்று விளங்கினார். அபூபக்கர் (ரழி) நினைத்ததோ நேர்வழியை.

சரி, அங்கே துரத்தி வந்தவர்களின் கையில் வாள் இருந்தது. உங்கள் சமையலறையில் யார் வாளோடு நிற்கிறார்கள் தம்பி? அங்கே இருந்தது பசை, காகிதம், அன்போடு ஓர் அழைப்பு. உயிரைக் காக்கச் சொன்ன சொல்லை நம் கூச்சத்தைக் காக்கப் பயன்படுத்தலாமா? "என் மார்க்கம் இதை அனுமதிக்கவில்லை" என்று சொன்னால் நம்மைப் பிற்போக்கு என்று நினைப்பார்களோ என்ற பயம்தான் அங்கே வேலை செய்தது. ஈமானை மறைக்க ஆய்வுக்கூடத்தைக் காட்டினோம். அதனால் ஈமானுக்கும் கண்ணியம் இல்லை, வேலைக்கும் கண்ணியம் இல்லை. நேரடியாகச் சொல்லிவிடுங்கள் என்றேன்.

சொல்லிவிட்டார். ஞாயிறன்று லேபில் வேலை இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். சிறிது நேரம் யாரும் பேசவில்லையாம். பிறகு பிறை ஒட்டிய அந்த நண்பர், "அப்படியானால் உன் பெருநாளுக்கு நான் ஜன்னலில் ஒட்டினேனே, அதற்கு என்ன பதில்?" என்று கேட்டிருக்கிறார். இது நியாயமான கேள்வி சகோதரர்களே! அவர் நம்முடைய பெருநாளுக்குக் கை கொடுத்தார். ஈடாக நம் ஈமானைக் கொடுக்க முடியாது. அதற்காக ஈடே கொடுக்காமல் இருந்துவிடலாமா? கடன் கடன்தான்.

அந்தத் தம்பி என்ன செய்தார் தெரியுமா? இந்த யோசனை என்னுடையதல்ல, அவருடையது. ஜெர்மனியில் டிசம்பர் 24 மாலைதான் குடும்பம் ஒன்றுகூடும் நேரம். 25, 26 இரண்டு நாளும் அரசு விடுமுறை. பிறை ஒட்டிய அந்த நண்பரும் அதே நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்பவர். தம் செல்களைக் கவனிக்க வேண்டியிருப்பதால் இந்த வருடம் தாயாரிடம் போக முடியாது என்றிருந்தாராம். "மூன்று நாளும் உன்னுடையதையும் நான் பார்த்துக்கொள்கிறேன், நீ ஊருக்குப் போ" என்று இவர் சொல்லியிருக்கிறார்.

எந்த ஆய்வுக்கூடத்தில் ஒளிந்துகொண்டாரோ, அதே ஆய்வுக்கூடத்தில் இப்போது கடனைத் தீர்க்கப் போகிறார். இந்த முறை "லேபில் வேலை இருக்கிறது" என்று அவர் சொன்னால் அது முழு உண்மை.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இந்த வாரம் யாரிடம் "வேலை இருக்கிறது" என்று சொன்னீர்கள்? அந்தச் சொல்லுக்குப் பின்னால் உண்மையில் இருந்தது வேலைதானா? வீடு போய்ச் சேர்வதற்குள் யோசித்துப் பாருங்கள். கொடுக்க வேண்டிய ஹக்கு ஏதும் பாக்கி இருந்தால் இன்றே கொடுத்துவிடுங்கள்.

உரியவருக்கு உரியதைக் கொடுக்கும் மனதையும், கூச்சமின்றி உண்மை பேசும் நாவையும், உழைப்பில் பரக்கத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! தூர தேசங்களில் இருக்கும் நம் பிள்ளைகளின் ஈமானையும் உடல்நலத்தையும் பாதுகாப்பானாக! ஆமீன்.