பிறர் ஆக்கியதைத் திருத்துவோன் கடன்

தீவுப்பகுதி வாழ்க்கையைக் கிணறுகளை விடுத்து நோக்குதல் இயலாது. வாணர் தாம்போதியைக் கடந்து புங்குடுதீவினுட் புகுந்து மடத்துவெளியை அடைவோர்க்குக் கண்ணெட்டும் தூரத்திற் கடல் உண்டு. குடிக்கத்தக்க நீர்தான் அரிது. நிலத்துள் இறங்கிய மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் மெல்லிய ஆடைபோல் மிதந்து நிற்கின்றது. நன்னீர்க் கிணறு என்பது அவ்வாடையைத் தொட்டு நிற்கும் ஒரு குழியேயாம். நீர் வற்றுகின்றதென்று நல்லெண்ணத்தோடு ஒருவர் அதனை மேலும் ஆழப்படுத்துவாராயின் நீர் பெருகும், பெருகுவது உவர்நீர். அவர் சோம்பியவருமல்லர், தீயவருமல்லர். அங்ஙனமாயின் அவர் இழைத்த தவறு யாது?

இவ்வினா கிணற்றோடு நின்றுவிடுவதன்று. பலர் கூடி ஆக்கி, விலையின்றி உலகிற்கு வழங்கும் லினக்ஸ் மென்பொருள்களிலும் இதுவே எழுகின்றது. டெபியன் போன்றதொரு லினக்ஸ் வழங்கலில் பல்லாயிரம் பொதிகள் உள்ளன. ஒரு கருவியை ஆக்கியவர் ஒருவர். அதனைப் பொதியாக்கிப் பேணுபவர் பெரும்பாலும் வேறொருவர், ஊதியம் பெறாத தொண்டர். கட்டளைவரியில் இயங்கும் சிறு கருவியொன்று திடீரென நின்றுவிடுகின்றது எனக் கொள்வோம். இருக்கவேண்டிய முகவரி வெறுமையாயிருக்க, கருவி தனக்குரியதல்லாத நினைவக இடத்தைத் தொடுகின்றது; இயங்குதளம் அதனை அக்கணமே நிறுத்திவிடுகின்றது. முறைப்பாடு பேணுநரிடம் வருகின்றது. முகவரி வெறுமையாயின் அவ்வரியைத் தாண்டிச் செல்க என ஒரு நிபந்தனையை இட்டால் கருவி நில்லாது ஓடும். சில நிமிட வேலை. அது ஏன் வெறுமையாயிற்று எனப் பின்னோக்கித் தேடுவதற்கோ பல நாள் வேண்டும். பயனாளர் கேட்டது கருவி நிற்கக்கூடாது என்பது மட்டுமே. ஆதலின் முதல் வழி அருளுடைமை போலவும் தோன்றும்.

வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் நோயையும் அதன் காரணத்தையும் வேறுவேறாக வைத்து எண்ணியமை ஈண்டு நோக்கத்தக்கது. கருவி நின்றுபோதல் நோயன்று, நோயின் குரல். குரலை அடக்கிவிட்டவன் நோயைத் தீர்த்துவிட்டதாக எண்ணுதல் எளிது.

2006 ஆம் ஆண்டு டெபியனில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். இரகசியச் சாவிகளை ஆக்கப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் பொதியில், தொடக்கமதிப்பு இடப்படாத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் என்னும் சோதனைக் கருவி எச்சரிக்கை காட்டியது. அவ்வெச்சரிக்கைக்குக் காரணமான இரு வரிகளைப் பேணுநர் நீக்கினார். அவற்றுள் ஒன்றை நீக்கியிருந்தால் தீங்கில்லை. ஏறத்தாழ அதனையே ஒத்துத் தோன்றிய மற்றொன்றோ, ஊகிக்கவியலாத தன்மையைச் சாவிக்குள் ஊட்டிய வரியாகும். அது நீங்கியதும், இயங்கும் நிரலின் எண் ஒன்றே மாறுபடும் பொருளாக எஞ்சிற்று. அவ்வெண்ணின் வழக்கமான உச்சவரம்பு 32,768. ஆகவே, ஒரே வகைக் கணினியில் ஒரே அளவினதாக ஆக்கப்பட்ட சாவிகள் எத்துணை இலட்சமாயினும், அவை முப்பத்து மூவாயிரத்துக்கும் குறைவான சாவிகளுள் அடங்கின. பூட்டு இருந்தது, ஊரிலுள்ள திறப்புகளோ எண்ணி முடிக்கத்தக்கனவாயின.

எச்சரிக்கை ஒழிந்தது, கருவி செவ்வனே ஓடியது. ஏறத்தாழ இருபது மாதம் எவருக்கும் ஐயம் எழவில்லை. நின்றுபோகும் கருவி ஒரு வகையில் நேர்மையானது என்று கூறத் தோன்றுகின்றது.

பேணுநரைக் குற்றவாளியாக்குதல் எளிது, ஆனால் நீதியாகாது. அவர் வரிகளை நீக்குமுன் ஓப்பன்எஸ்எஸ்எல் ஆக்குநர்களின் மடற்குழுவில் வினவினார். வந்த மறுமொழிகள் அவரைத் தடுக்கவில்லை. அவ்வரிகளின் இன்றியமையாமையை விளக்கும் குறிப்பெதுவும் நிரலில் இல்லை. பொதுவுக்கென ஒன்றை ஆக்கி, அதன் உட்பொருளைச் சொல்லாது விட்டவர்க்கும், வினவியவர்க்கு ஊன்றி நோக்காது விடையளித்தவர்க்கும் இதிற் பங்குண்டு.

முற்ற அறிந்த பின்னரே தொடுக என்பது நடைமுறைக்கு ஒவ்வாத அறம். அங்ஙனமாயின் தூர்ந்த கிணறு தூர்ந்தே கிடக்கும். ஆக்கியோன் கைவிட்ட கருவி கைவிடப்பட்டே அழியும். திருத்துவோனிடம் முழுமையான அறிவை எதிர்பார்த்தல் தகாது. ஆனால், தான் மாற்றியது யாது, ஏன் மாற்றினான், எதனைத் தான் விளங்கிக்கொள்ளவில்லை என்பவற்றைத் திறந்து வைக்கும்படி கேட்கலாம். திருத்தத்தைத் தன் பொதிக்குள் வைத்துக்கொள்ளாது ஆக்கியோனுக்கு அனுப்பி, அதனை அவன் கண்ணாலும் பார்க்கச் செய்யும்படி கேட்கலாம். மூன்றாவதையே செய்தல் கடினம். ஏனெனில் தன் அறியாமையை எழுத்தில் வைக்க எவரும் விரும்புவதில்லை. 1997 இல் ஏற்றுக்கொள்ளப்பட்ட டெபியனின் சமூக ஒப்பந்தம், குறைகளை மறைப்பதில்லை என உறுதி கூறுகின்றது. மூலநிரலும் மாற்றப் பதிவுகளும் வெளிப்படையாயிருந்தமையாலேயே, ஆர்ஜன்ரீனாவைச் சேர்ந்த லூசியானோ பெல்லோ கண்டறிந்த அக்குறை எந்த நாளில், எந்த மாற்றத்தால் நுழைந்தது என்பதை ஐயமின்றிக் காட்ட முடிந்தது.

2008 மே 13 ஆம் நாள் குறை அறிவிக்கப்பட்டுத் திருத்திய பொதியும் வெளியாயிற்று. அப்பொதியை நிறுவுதல் மட்டும் போதவில்லை. அவ்விடைக்காலத்தில் ஆக்கப்பட்ட சாவிகள் யாவும், டெபியனையே அறியாத கணினிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டவை உட்பட, தேடியெடுத்து நீக்கப்பட வேண்டியிருந்தன. டிஎஸ்ஏ வகைச் சாவிகளோ, வேறிடத்தில் நன்முறையில் ஆக்கப்பட்டிருந்தாலும், பழுதுற்ற கணினியில் ஒருமுறை கையொப்பமிடப் பயன்பட்டிருந்தாற்கூட, நம்பத்தகாதனவெனக் கழிக்கப்பட்டன.